ஏழுமலையின் பையும் புகைந்த மரக்குவியலும்

1. முதல் நெருப்பு

காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வேனை விட்டு இறங்கும்போதே வாசனை தெரிந்துவிட்டது. பாய்லர் புகையின் வாசனை எனக்குப் பழக்கம். இது வேறு. ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதினால் கண்ணைக் கரித்துக்கொண்டு வருமே, அந்த மாதிரி. ஹேண்ட்பேக்கைக்கூட லேபில் வைக்காமல், மரம் கொட்டி வைக்கும் யார்டுக்கு ஓடினேன். மரச் சிப்ஸ் குவியலின் தெற்குப் பக்கம், சிப்ஸை அள்ளும் லோடர் வண்டி தன் பக்கெட்டால் வெட்டி எடுத்த இடத்தில், ஆள் உயரத்துக்கு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நாலு பேர் ஹைட்ரண்ட் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். லோடரைப் பின்னால் நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். அதை ஓட்டும் ஏழுமலை கீழே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் பீடி பிடிப்பவர் என்பது யார்டு முழுக்கத் தெரிந்த விஷயம்.

நான் வேலை பார்த்தது பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள ஒரு பயோமாஸ் மின் நிலையத்தில். கழிவு மரத்தை எரித்து நீராவி எடுத்து, டர்பைனைச் சுழற்றி, கரண்ட் எடுப்பது எங்கள் தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் உடைந்துபோன, சரக்கு அடுக்கும் மரப் பேலட்கள், மர மில்களில் மிஞ்சும் துண்டு, தூள், சாலையோரம் வெட்டிய கிளைகள் எல்லாம் எங்களிடம் வரும். சின்னச் சின்னச் சில்லாக வெட்டியபின் அதற்குப் பெயர் சிப்ஸ். அந்தச் சிப்ஸில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எரித்தால் எவ்வளவு சூடு தரும் என்று சோதித்துச் சொல்லும் லேபுக்கு நான் பொறுப்பு. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவள். ஓய்வு பெறும்வரை எல்லோருக்கும் லேப் மேடம்.

2. சந்தேகம் என் வேலை

முதுகுக்குப் பின்னால் என்னை டவுட்டு மேடம் என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியும். கோபம் வந்ததில்லை, ஏனென்றால் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சேர்ந்த புதிதில் ஒரு லாரி வந்தது. மேலே கை வைத்தால் சிப்ஸ் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சூப்பர்வைசர் மேலாக ஒரு கை அள்ளிச் சாம்பிள் என்று கொடுத்தார். எனக்கு என்னவோ உறுத்தியது. லாரியின் பின் கதவைத் திறக்கச் சொல்லி, முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுத்தேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. வரும் வழியில் எங்கேயோ நிறுத்திப் பைப்பால் நனைத்துவிட்டு, மேலே மட்டும் காய்ந்ததைப் பரப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த லாரியைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தச் சந்தேகப் புத்தி. முகப்பேரில் எங்கள் பிளாட்டில் என் கணவர், நான் வைத்த குழம்பையே நான் நம்பாமல் இரண்டு முறை ருசி பார்ப்பதாகக் கேலி செய்வார். உண்மைதான், உப்பு விஷயத்தில் என்னையே நான் நம்பியதில்லை.

அப்படிப்பட்ட எனக்கு, ஒரு புயலுக்குப் பிறகு பெரிய தலைவலி வந்தது. முகப்பேர், அம்பத்தூர், ஆவடிக் குவார்ட்டர்ஸ் பக்கமெல்லாம் விழுந்த மரங்களை நகராட்சி மைதானத்திலேயே மெஷினில் போட்டு வெட்டி, லாரி லாரியாகச் சிப்ஸாக எங்களுக்கு அனுப்பினார்கள். எல்லாம் பச்சை மரம். பாதிக்குப் பாதி தண்ணீர். அதை அப்படியே போட்டால் பாய்லர் மூச்சு முட்டும். எங்களிடம் சருகாகக் காய்ந்த பேலட் சிப்ஸ் இருந்தது, மரத்தூளும் இருந்தது. நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு பக்கெட் பச்சைக்கு இரண்டு பக்கெட் காய்ந்தது. சராசரி ஈரம் பாய்லருக்குத் தோதாக வந்துவிடும். இடம் போதாததால் அடுக்கு அடுக்காகப் போட்டு, மேலே லோடரை ஏற்றி அமுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பிளான்ட் மேனேஜர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, லேப் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

குவியல் இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பியது. ஐந்தாவது வாரம்தான் நான் முதலில் சொன்ன நெருப்பு.

3. நோட்டு போட்டேன்

முதல் நெருப்பை எல்லோரும் ஏதோ ஒரு தீப்பொறி என்று விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, நேரம், ஷிப்ட், யார் லோடரில் இருந்தார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். யார்டைச் சுற்றிக் கண்ணால் தேடினேன். எட்டு நாள் கழித்து இரண்டாவது நெருப்பு வந்தது. அதுவும் காலை ஷிப்ட், அதுவும் ஏழுமலை லோடரில் இருக்கும்போது. அணைத்தபின் குவியலிலிருந்து பத்தடி தள்ளிப் பாதி பீடி ஒன்று கிடந்தது. அதைச் சாம்பிள் கவரில் போட்டு, நம்பர் எழுதி, லேப் பீரோவில் பூட்டினேன்.

ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது. இருபது வருஷமாக லோடர் ஓட்டுபவர், கான்ட்ராக்டர் ஆள். யார்டுக்குள் பீடி பற்ற வைத்ததே இல்லை, கேட்டுக்கு வெளியே டீக்கடையில்தான் என்றார். பிறகு சொன்னார்:

"நெருப்பு வெளியேர்ந்து வர்ல மேடம். பக்கெட்ட வுட்டு ஒரு வெட்டு வெட்டுறேன், உள்ளேர்ந்து குப்புனு வருது. குமியலு உள்ள கொதிச்சிகினு கீது."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்ட ஆள் சொல்லும் சாக்குப்போக்கு என்று நினைத்தேன். அதோடு, அடுக்கு போடும் வேலை அவருக்கு இரட்டை வேலை. ஆரம்பத்திலிருந்தே அவர் அதற்கு முகம் சுளித்தவர். என் திட்டத்தைக் கெடுக்கவே செய்கிறாரோ என்றுகூட மனதில் ஓடியது.

மறுநாளிலிருந்து கேட்டில் அவர் பையைச் சோதிக்கச் செக்யூரிட்டியிடம் சொன்னேன். ஷிப்டுக்கு வரும் முப்பது பேரில் அவர் ஒருவரை மட்டும் ஓரமாக நிறுத்துவார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள், துண்டை உதறுவார்கள், சட்டைப் பையில் கை விடுவார்கள். பல நாள் நானே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். டப்பா, துண்டு, சுகர் மாத்திரை அட்டை. பீடியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. இரண்டு வாரமும் இதே கதை. ஒன்றும் கிடைக்காததும் எனக்குச் சாட்சியாகத்தான் பட்டது. முன்னைவிடச் சாமர்த்தியமாக ஒளிக்கிறார் என்று நோட்டில் எழுதினேன். ஏழுமலை துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார். டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போவார்.

மூன்றாவது நெருப்பு பெரியது. லோடரின் முன் டயர் ஒன்று எரிந்துபோனது. ஏழுமலை இறங்கும்போது வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. முதலுதவி அறையில் அவர் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, நான் மேனேஜர் அறையில் நோட்டை விரித்து வைத்திருந்தேன். மூன்று நெருப்பு, மூன்றும் காலை ஷிப்ட், மூன்றும் ஒரே ஆள். மேனேஜர் அவர் கேட் பாஸை வாங்கிக்கொள்ளச் சொன்னார். திங்கட்கிழமை விசாரணை. பீடி என்று முடிவானால் கான்ட்ராக்டர் அவரை நீக்கிவிடுவார். நெருப்பு வைத்தவன் என்று பெயர் வாங்கிய லோடர் டிரைவரை இந்தப் பக்கம் எந்த யார்டிலும் சேர்க்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நோட்டைக் கொடுத்தேன்.

4. தட்டில் கிடந்தது

வியாழக்கிழமை மதியம் நகராட்சி மைதானத்திலிருந்து ஒரு லாரி வந்தது. யார்டுக்குள் போகும் முன்பே, கேட் பக்கத்தில் நிறுத்திச் சாம்பிள் எடுத்து வந்தேன். ஈரம் பார்க்கும் முறை எளிது. சிப்ஸை எடை போட்டு, ஓவனில் நூற்றைந்து டிகிரியில் காய வைத்து, திரும்ப எடை போட வேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். ஓவனில் வைக்கும் முன் மரமல்லாத குப்பையைப் பொறுக்கிப் போட்டுவிடுவது விதி. தெருவில் கூட்டி அள்ளிய மரம் அல்லவா, எல்லாமும் வரும். பேப்பர் கப், பாக்கு கவர், அறுந்த செருப்பு வார். வாரக்கணக்காக அதைப் பொறுக்கிப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தவள் நானேதான்.

அன்று தட்டில் இரண்டு பாதி பீடி கிடந்தன. விரலால் எடுத்துக் கூடைக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டேன். பீரோவைத் திறந்து கவரில் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் சொல்ல முடியாது. இதற்கு முன் எத்தனை பீடியை இப்படிக் கூடையில் போட்டிருப்பேன் என்று நினைவில்லை. குப்பை என்று வந்துவிட்டால் கை தானாக எறிந்துவிடும், கண் பார்ப்பதில்லை.

வெட்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல்தான். கெட்டியான சாட்சி ஒன்று கையை விட்டுப் போகிறதே என்ற எரிச்சல். சரி, பீடி போகட்டும், நெருப்பு ஏன் எப்போதும் ஏழுமலை ஷிப்டிலேயே வருகிறது? அதற்குப் பதில் சொல்லட்டும் என்று யார்டு ஆர்டர் பைலை இழுத்தேன். மேலாக இருந்த தாளிலேயே பதில் இருந்தது. திறந்த குவியலைக் காலை ஷிப்டில் மட்டுமே வெட்ட வேண்டும், மூத்த ஆபரேட்டர் மட்டுமே வெட்ட வேண்டும், மற்ற ஷிப்டுகள் ஷெட்டுக்குள் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே மேனேஜர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

குவியலை வெட்டுகிற ஒரே ஆள் ஏழுமலை. உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருந்தால், வெட்டிக் காற்று விடுகிற ஆளுக்கு முன்னால்தான் அது எரியும். நான் நோட்டில் எழுதிய நேரம், ஷிப்ட், பெயர் எல்லாமே சரி. அதற்கு நான் சொன்ன அர்த்தம்தான் தப்பு.

5. கம்பி

பாய்லரில் சாம்பல் கிளறும் இருபதடிக் கம்பி ஒன்று உண்டு. மூன்று பேரை வைத்து அதைக் குவியலின் மேற்கு மூலையில், பச்சையும் தூளும் அமுக்கி வைத்த உயரத்தில், அடித்து இறக்கச் சொன்னேன். கால் மணி நேரம் விட்டு இழுத்தோம். வெளியே வந்த முதல் நாலடி, வெயிலில் கிடந்த இரும்பு மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பகுதியை நான் உள்ளங்கையால் பிடித்தேன். உதறிவிட்டுக் கையைத் தண்ணீர்த் தொட்டியில் விட வேண்டியதாயிற்று. அந்த ஓட்டைக்குள் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் வயரை விட்டுப் பார்த்தால், மீட்டர் நூறு டிகிரியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

பச்சை மரத்தைக் குவித்தால் அது அழுகத் தொடங்கிச் சூடாகும். பக்கத்தில் தூளாகக் காய்ந்த மரம் இருந்தால் அந்தச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். லோடரை ஏற்றி அமுக்கினால் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறி, கடைசியில் உள்ளேயே கனலாகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? படித்ததுதான். ஆனால் நான் பேப்பரில் சராசரி போட்டேன். பேப்பரில் பச்சையும் காய்ந்ததும் கலந்து ஒரு நம்பர் ஆகிவிடும். யார்டில் பச்சை பச்சையாகவும் காய்ந்தது காய்ந்ததாகவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். பாய்லர் வாய்க்குப் போட்ட கணக்கை, வாரக்கணக்கில் கிடக்கும் குவியலுக்குப் போட்டது என் தப்பு. கெமிஸ்ட் செய்கிற தப்பு. லோடர் டிரைவருக்கு இந்தத் தப்பைச் செய்யவே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அடுக்கு போட நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் எடுத்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏனுங் மேடம், குவியலை நாம பிரிச்சுப் போட்டுக்கலாமுங்க. ஆனா ரிப்போர்ட்ல பீடின்னே இருந்துட்டுப் போகட்டும். அவன் கான்ட்ராக்ட் ஆளு. நீங்க நம்ம ஆளு. எதுக்கு உங்க பேரு?"

ஒரு நிமிஷம் எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருந்தது. அதுவரை என் பைலில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இதை மறைத்துவிட்டு இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை என்பதால் சொல்கிறேன். கை எரிச்சல்தான் என்னை உட்கார வைத்தது. எரிகிற கையாலேயே ரிப்போர்ட் எழுதினேன். அடுக்குத் தாளையும் யார்டு ஆர்டரையும் அதோடு பின் செய்து, அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மதியத்துக்குள் அவர் விசாரணையை ரத்து செய்து, சனிக்கிழமையே குவியலைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

6. கரையான்சாவடியில்

ரிப்போர்ட் கொடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஏழுமலை வீட்டுக்குப் போனேன். கரையான்சாவடி மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவர் மனைவி என்னை யாரென்று கேட்டார். லேப் மேடம் என்றதும் முகம் மாறிவிட்டது. ஆனாலும் நாற்காலியை எடுத்துப் போட்டார். ஏழுமலை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். பீடி எங்கிருந்து வந்தது, குவியல் எப்படிச் சூடானது, அதற்கு யார் காரணம் எல்லாம் சொன்னேன். ரிப்போர்ட் கொடுத்துவிட்டதையும் விசாரணை இனி இல்லை, நாளைக்கே குவியலைப் பிரிக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.   ஏழுமலை குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"ரெண்டு வாரமா அத்தினி பேரு முன்னாடி என் பையில கைய வுட சொன்னீங்க. ஒரு தபா அந்தக் குமியல்ல கைய வுட்டுப் பாக்கலையே மேடம்."

 லாரியில் முழங்கை வரை கை விட்டுச் சாம்பிள் எடுத்தேன் என்று பெருமை அடித்துக்கொண்டவள் நான். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்குக் குவியலை யார் வெட்டப்போகிறார்கள் என்று அவரே கேட்டார். ஆவடியிலிருந்து ஒரு புது ஆபரேட்டர் வருகிறார் என்றேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"அவன வெட்ட வுடாதீங்க. மேக்கால மூலைல இன்னும் நெருப்பு கீது. அவனுக்குத் தெரியாது, முன்னாடி போயி நின்னுடுவான். நா வரேன். ஒத்தக் கையால ஓட்ட முடியாது, ஆனா பக்கத்துல நின்னுகினு சொல்வேன்."

சனிக்கிழமை காலை அவர் வந்தார். கேட்டில் பாஸைத் திருப்பிக் கொடுத்து உள்ளே விட்டார்கள். இரண்டு நாள், கட்டுப் போட்ட கையோடு அந்தப் புது ஆளுக்குப் பக்கத்தில் நின்று, எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது, எப்போது தண்ணீர் அடிப்பது என்று கை காட்டிக்கொண்டே குவியலைப் பிரித்துப் பரப்பினார். உள்ளே கரியாகிப்போன சிப்ஸ் வண்டி வண்டியாக வந்தது. மூன்று முறை புகை குப்பென்று கிளம்பியது. யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அதற்குப் பிறகு பச்சையைத் தனியாக, தாழ்வாக, அமுக்காமல் போட்டோம். கலப்பதைப் பாய்லருக்குக் கொண்டுபோகும் கன்வேயரில் ஏற்றும்போது மட்டும் செய்தோம். நான் ஓய்வு பெறும்வரை அந்த யார்டில் மறுபடி நெருப்பு வரவில்லை. ஏழுமலை என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது லேபுக்கும் யார்டுக்கும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சந்தேகப்படுங்கள், அது நம் வேலை. ஆனால் ஒரு ஆளைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டால், அந்த ஆள் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிவார். அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று முதலில் கேளுங்கள். அந்த வேலையை அவருக்குக் கொடுத்தது யார் என்று அடுத்துக் கேளுங்கள்.

மேனேஜரிடமிருந்து திரும்பி வந்த அந்த நோட்டை எடுத்து ஒருநாள் முதலிலிருந்து படித்தேன். பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஏழுமலை எத்தனை மணிக்கு வந்தார், பையில் என்ன இருந்தது, யாரோடு பேசினார், டீக்கடையில் எத்தனை நிமிஷம் நின்றார், எல்லாம் இருக்கிறது. குவியலின் சூடு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. தெர்மோகப்பிள் அந்த நோட்டை வைத்திருந்த அதே டிராயரில்தான் இருந்தது.